தங்கேஸ்வரி நீந்திய மூன்று நிமிடம்

தேற்றாத்தீவு
16.05.1979

அன்பின் பதியுதீனுக்கு நோபேட் எழுதுவது.

நானும் திரேசம்மாவும் நல்ல சுகம். குவைத் வெயிலில் உன் உடம்பும் மனமும் வாடாமல் இருக்க வேண்டுமென்று என் கோயிலில் நான் கேட்டுக்கொண்டேன். உன் பள்ளிவாசலில் கேட்கச் சொல்லி உசனாரிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கத்தாலும் கேட்டால் ஒரு பக்கமாவது பலிக்கும் என்று மத்தேயு சொல்கிறான்.

நீ அனுப்பிய புறொஜெக்டர் பல்ப் உடையாமல் வந்து சேர்ந்தது. நீ உடுத்த பழைய சாரத்தில் சுற்றி, பிஸ்கற் பேணிக்குள் வைத்து அனுப்பியிருந்தாய். பேணியைத் திறந்ததும் திரேசம்மா சாரத்தை மணந்து பார்த்துவிட்டு, பதியுதீன் தம்பி இன்னும் அதே சவர்க்காரம்தான் பாவிக்கிறார் என்றாள்.

பல்போடு வந்த கடிதத்தில் நீ எழுதியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டூடியோவும் கமெராவும் வீண் வேலை, ஊர் ஊராய்ப் படம் எடுத்துத் திரிந்த காலத்தில் ஒரு கைத்தொழில் பழகியிருக்கலாம், கமெராவை அறையில் இருக்கும் ஒருவனுக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதற்குப் பதில்தான் இந்த நீளக் கடிதம். பொறுமையாய் முழுவதையும் வாசி. வாசித்து முடிக்கும்வரை கமெராவை யாருக்கும் கொடுத்துவிடாதே.

போன வெள்ளிக்கிழமை வெசாக் விடுமுறை. சனியும் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள். மத்தேயு கல்முனையில் தன் றேடியோக் கடையைப் பூட்டிவிட்டு வியாழன் பின்னேரமே வந்துவிட்டான். உசனார் வெள்ளி ஜும்ஆ முடிந்து காத்தான்குடியிலிருந்து லொறியில் வந்தான். கலியாண வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஜெனரேற்றர், தன் தறியில் நெய்த வெள்ளைத் துணி ஒரு சுருள், உன் உம்மா கொடுத்துவிட்ட வட்டிலப்பம், மூன்றும் லொறிக்குள் இருந்தன.

சூறாவளிக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சும்மா சந்தித்தது இதுதான் முதல் தடவை. இந்த ஆறு மாதமும் சந்தித்தால் யாராவது ஒருவனின் கூரையைத் தூக்கப் பிடித்தோம், அல்லது செத்தவீட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அதனால் இந்த மூன்று நாளும் ஒருவரும் ஒரு வேலையும் செய்வதில்லை என்று சத்தியம் பண்ணினோம். தென்னை எல்லாம் சரிந்துபோன என் வளவில் அந்தக் கிழட்டு மாமரம் மட்டும் நிற்கிறது. அதற்குக் கீழே பாய் போட்டோம். வாவி நண்டும் திரளி மீனும் தின்றோம். தின்றுவிட்டுப் படுத்தோம். மத்தேயு பகலிலேயே ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டான். அவன் குறட்டைக்கு மாமரத்துக் காகம் இரண்டு முறை எழும்பிப் பறந்தது.

எல்லாரும் நித்திரை கொண்டார்கள், திரேசம்மாவைத் தவிர.

இதை உனக்கு நான் இதுவரை எழுதவில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு ஏன் கவலை என்று விட்டுவிட்டேன். சூறாவளிக்குப் பிறகு திரேசம்மாவுக்கு நித்திரை இல்லை. காற்று அசைந்தால் எழும்பி உட்கார்ந்துவிடுவாள். விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவாள். விடியப்புறம் கண்ணயர்ந்தாலும் அரை மணித்தியாலத்தில் திடுக்கிட்டு விழிப்பாள். டொக்ரர் கொடுத்த குளிசையை ஒருநாளும் போட்டதில்லை. முகம் கறுத்து, பாதி ஆளாகிவிட்டாள். நீ பார்த்தால் அடையாளம் தெரியாது.

காரணம் தங்கேஸ்வரி. உனக்கு அவளை ஞாபகம் இருக்கும். சீதேவிப்பிள்ளையின் ஒரே மகள். 74ஆம் ஆண்டு திரேசம்மா இங்கே வாவியில் ஆறு பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினாளே, அவர்களில் கெட்டிக்காரி. வாவிக்கரையில் இருந்துகொண்டு தண்ணிக்குப் பயந்து வளருகிற பெண்பிள்ளைகளைக் கண்டால் என் மனுசி திரேசம்மாவுக்குப் பொறுக்காது. அவள் வாகரையில் பிறந்தவள், நடக்கப் பழகும் முன்னே நீந்தப் பழகினவள். ஆனால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து அந்தப் பிள்ளைகள் வீட்டில் தையல் பழகப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அது திரேசம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தாள். பிள்ளைகள் கையை எப்படித் தவறாக வீசுகிறார்கள் என்று அவர்களுக்கே காட்ட வேண்டுமென்று அவள்தான் உன்னைக் கூப்பிட்டாள். நான் தோணியில் கம்பு ஊன்ற, நீ முன்னுக்கு இருந்து படம் எடுத்தாய்.

சூறாவளி அன்று சீதேவிப்பிள்ளை வீட்டில் இல்லை. அமிர்தகழியில் தமக்கைக்குச் சுகமில்லை என்று பார்க்கப் போயிருந்தாள். தங்கேஸ்வரி தனியாக இருந்தாள். காற்றோடு வாவி எழும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக் கதிர்காமத்தம்பியின் மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொருவராய் முதுகில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் படிவரை நீந்திக் கொண்டுவந்து சேர்த்தாள். நாலாம் தரம் போய் அந்தப் பிள்ளைகளின் தாயையும் இழுத்துக்கொண்டு வந்தாள். தாயைப் படியில் ஏற்றிவிட்டு இவள் ஏறும் நேரம் எங்கிருந்தோ பறந்து வந்த கூரைத் தகரம் ஒன்று அடித்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தாள். பதினேழு வயது.

செத்தவீட்டுக்குத் திரேசம்மா போனாள். சீதேவிப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து ஆறு மாதம், சந்தியிலும் கிணற்றடியிலும் எதிரே வந்தால் மற்றப் பக்கத்தால் போய்விடுவாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் கூடத் திரேசம்மாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நீச்சல் தெரியாதிருந்தால் அந்தப் பிள்ளை பரணில் ஏறி உட்கார்ந்திருக்கும், உயிரோடு இருந்திருக்கும், நான் பழக்கித்தான் கொன்றேன் என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை தேத்தண்ணி குடிக்கும்போது மத்தேயு தன் கனவைச் சொன்னான். வாவித் தண்ணிக்கு மேலே மோட்டார் சைக்கிள் ஓடிப் போகிறானாம்; பொலிஸ்காரன் மறித்துத் தோணிக்கு லைசென்ஸ் எங்கே என்று கேட்கிறானாம். உசனார் தன் கனவில் கடைத்துணி எல்லாம் மீனாய் மாறிவிட்டது என்றான். ஒரு மனுசி வந்து, இந்தச் சுறாவில் இரண்டரை யார் அளந்து வெட்டுங்க, சாயம் போகாதே என்று கேட்டாளாம். வயிறு நோகச் சிரித்தோம். சிரிப்போடு மத்தேயு திரேசம்மாவிடம், நீங்க என்ன கனவு கண்டீங்க அக்கா என்று கேட்டுவிட்டான். நான் கனவு காண்கிறதில்லை என்று சொல்லிவிட்டு அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அது பொய். கனவில் தங்கேஸ்வரி தண்ணிக்குள் நின்று, கையை இன்னும் நீட்டட்டா ரீச்சர் என்று கேட்கிறாளாம். தினமும் அதே கேள்வி என்று என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அன்று நண்பர்களுக்கு அதையும் சொன்னேன்.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். நீ என்னிடம் விட்டுப்போன தகரப் பெட்டிக்குள்ளும் வெள்ளம் போனது. புறொஜெக்டரை மத்தேயு கழற்றிக் காயவைத்து, இற்றுப்போன வாருக்குப் பதிலாய்த் தையல் மெசின் வாரை வெட்டிப் போட்டான். பதினொரு றீலும் தப்பியிருந்தன. ஆனால் நீ எழுதி ஒட்டிய துண்டுகள் எல்லாம் கரைந்துபோய்விட்டன. எது எந்த றீல் என்று ஒருவருக்கும் தெரியாது. திரேசம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, அந்த நீச்சல் றீலைப் போட வேண்டாம் என்றாள். சரி என்றேன். எதை விலக்குவது என்று எனக்குத்தான் தெரியவில்லையே; வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கவும் அப்போது தோன்றவில்லை.

சனி பின்னேரம் உசனாரின் வெள்ளைத் துணியை இரண்டு கம்பத்தில் இழுத்துக் கட்டினோம். மச்சானும் மச்சானுமாய்ப் பார்த்துச் சிரிப்பதற்கென்றுதான் தொடங்கினோம். ஜெனரேற்றர் சத்தம் கேட்டதும் ஊர் திரண்டுவிட்டது. ஆறு மாதமாய் ஒரு சந்தோசமும் இல்லாத சனம், விரட்ட மனம் வருமா? இருட்டியதும் முதல் றீலைப் போட்டான் மத்தேயு. அவனுடைய கலியாணமே வந்தது. கோயில் வாசலில் மாலையோடு கால் தடக்கி விழப்போன இடத்தை எல்லாரும் கைதட்டித் திரும்பப் போடச் சொன்னார்கள். இரண்டாவது மாமாங்கத் திருவிழா. தீர்த்தக் குளமும் சனமும். அவன் இவன் என்று தெரிந்த முகங்களைக் காட்டிக் கத்தினார்கள்.

மூன்றாவது றீலில் வாவி வந்தது. ஆறு தலைகள் தண்ணிக்கு மேலே.

கதிர்காமத்தம்பியின் நடுவிலாள் எழும்பி, தங்கேசு அக்கா என்று கத்தினான். அப்போதுதான் பார்த்தேன். அவன் சீதேவிப்பிள்ளையின் மடியிலிருந்து எழும்பியிருந்தான். அந்த மூன்று பிள்ளைகளும் அவளை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். சனத்துக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். திரேசம்மா, நிற்பாட்டுங்கோ, நிற்பாட்டுங்கோ என்று ஓடிவந்தாள். மத்தேயு சுவிச்சில் கையை வைத்துவிட்டான்.

சீதேவிப்பிள்ளை எழும்பி நின்று, "நிப்பாட்டாத மனே, ஓடட்டும்" என்றாள்.

ஓடியது. நீயே எடுத்தது, உனக்குத் தெரியும், மூன்று நிமிடம்தான். பின்னலைத் தலைக்கு மேலே சுற்றிக் கட்டிக்கொண்டு, பாவாடை சட்டையோடு, பதின்மூன்று வயதுத் தங்கேஸ்வரி மற்ற ஐந்து பேரையும் விட்டுவிட்டுத் தோணியை நோக்கி வருகிறாள். இடுப்பளவு தண்ணியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கும் திரேசம்மா அவளின் நாடியைத் தாங்கிப் பிடிக்கிறாள். பிள்ளை எழும்பி நின்று முகத்தை வழித்துவிட்டு, நேரே கமெராவைப் பார்த்துச் சிரித்து, பிறகு ரீச்சரைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். அதோடு முடிகிறது.

சீதேவிப்பிள்ளை இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டோம். முடிந்ததும் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாய் என் மனுசியின் முகத்தைப் பார்த்து, "கடைசியில என்ட புள்ள என்னவோ சொல்லுது. என்ன சொல்லுது ரீச்சர்?" என்று கேட்டாள்.

திரேசம்மாவின் குரல் தெளிவாய் வந்தது. "அம்மாட்டச் சொல்லிப் போடாதீங்க ரீச்சர், நல்லாப் பழகின புறகு நானே நீந்திக் காட்டுறன் என்டு சொல்லுறாள்" என்றாள். எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. தோணியில் கம்போடு நின்ற நானும் அதைக் கேட்டிருந்தேன். நீயும் கேட்டிருப்பாய். அதற்குப் பிறகு திரேசம்மா, தையல் என்டு உங்களுக்குப் பொய் சொல்லித்தான் வந்தாள், எனக்கு அது தெரியும், நான் வந்து உங்களிட்டச் சொல்லியிருக்க வேணும், என்ட பிழை என்று அவ்வளவு சனத்துக்கு முன்னால் சொன்னாள்.

சீதேவிப்பிள்ளை துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஒன்றும் இல்லை, வெறும் வெளிச்சம்தான். பிறகு சொன்னாள்: "காட்டிப்போட்டாள் ரீச்சர். நாலு உசிரக் கொண்டுவந்து காட்டிப்போட்டாள். நான்தான் பாக்கல்ல. இப்பப் பாத்திட்டன்."



மூன்றாம் தரம் ஓடியபோது அவள் சனத்தைப் பார்த்து, அதுதான் என்ட புள்ள, எல்லாரையும் விட்டுட்டுப் போறாள் பாருங்க என்று கையை நீட்டிக் காட்டினாள். நாலாம் தரம் குரல் இன்னும் உயர்ந்தது. கதிர்காமத்தம்பியின் பெண்சாதி அவளுக்குப் பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல்ப் சூடேறிவிட்டது என்று மத்தேயு காதுக்குள் சொன்னான். எரிந்தால் எரியட்டும், பதியுதீன் இன்னொன்று அனுப்புவான் என்றேன். ஏழு தரம் ஓடியது.

சனம் கலைந்ததும் திரேசம்மா கைகால் கழுவிவிட்டுப் பாயில் சரிந்தாள். நான் விளக்கைக் குறைக்கும் முன்னே நித்திரையாகிவிட்டாள். ஞாயிறு விடிந்தது, எழும்பவில்லை. பூசை மணி அடித்தது, எழும்பவில்லை. கலியாணம் முடித்த இத்தனை வருசத்தில் அவள் ஞாயிறு பூசை தவறவிட்டது இதுதான் முதல் தடவை. எனக்குப் பயம் பிடித்து மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். குழந்தைப்பிள்ளை மாதிரி மூச்சு வந்துகொண்டிருந்தது.

ஏழு மணிக்குப் படலையில் சீதேவிப்பிள்ளை. கதிர்காமத்தம்பியின் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு துவாயோடு. இதுகளுக்கும் பழக்க வேணும் என்று ரீச்சரிட்டச் சொல்ல வந்தன் என்றாள். எழுப்புகிறேன் என்று நான் திரும்பினேன். எழுப்பினா எனக்குக் கோவம் வரும் என்று சொல்லிவிட்டு மாமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள்தான் அன்று எங்களுக்குக் காவல். காகத்தை விரட்டினாள். பிள்ளைகளைக் குசுகுசுவென்று கதைக்க வைத்தாள். ஊரெல்லாம் கேட்கக் கதைக்கும் மத்தேயு நுனிக்காலில் நடந்தான். உசனாருக்குக் கடை திறக்க வேண்டும், போக வேண்டும். அந்த லொறி ஸ்ராட் பண்ணினால் போடும் சத்தம் உனக்குத் தெரியும். அதனால் அவன், மத்தேயு, கதிர்காமத்தம்பி, நான் நாலு பேரும் ஜெனரேற்றரோடு லொறியை மெயின் றோட்டுவரை தள்ளிக்கொண்டு போனோம். வேலை செய்வதில்லை என்ற சத்தியம் அதோடு போனது.

பகல் ஒரு மணிக்குத் திரேசம்மா எழும்பி வந்தாள். கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. சீதேவிப்பிள்ளையைக் கண்டதும் அப்படியே நின்றாள். முகத்தைக் கழுவிட்டு வாங்க ரீச்சர், புள்ளயள் காலையில இருந்து காத்துக் கிடக்குதுகள் என்றாள் மற்றவள். அவ்வளவுதான் கதை. கனவு கண்டாயா என்று நான் மெதுவாய்க் கேட்டேன். ஒன்றுமில்லை, வெறும் நித்திரை என்றாள்.

வெயில் தணிய எல்லாரும் வாவியில் இறங்கினார்கள். சின்னவள் தண்ணியைக் கண்டு வீரிட்டு அழுதாள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு அழாமல் என்ன செய்வாள்? சீதேவிப்பிள்ளை முழங்கால் அளவு தண்ணியில் நின்று, வாகா ராசாத்தி, அக்கா நீந்தின தண்ணிதான் என்று கையை நீட்டினாள். நான் கரையில் நின்றேன். இரண்டு பெண்களும் அந்தப் பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்ததைப் பார்க்க எனக்கு வந்த பெருமையை எழுதத் தெரியவில்லை. இந்த வாகரைக்காரியைக் கட்டுவதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ. நேற்றோடு பிள்ளைகள் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். ஒருவரும் தையல் என்று சொல்லி வரவில்லை. சீதேவிப்பிள்ளை சந்தைக்குப் போகும்போது தலையை நிமிர்த்திக்கொண்டு போகிறாள். யாராவது பாவம் பார்த்துக் கதைத்தால், நீங்க படத்தைப் பாக்கல்லயா என்று கேட்கிறாளாம்.

இதுதான் உன் வீண் வேலையின் கதை. இனி நீ என்ன எழுதினாலும் நான் நம்பமாட்டேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உசனார் போகும் முன்பு மிச்ச றீல்களையும் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பதினொன்றிலும் உன் உம்மா இல்லை. நீ கமெராவை எடுத்தாலே முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவிடுவாராமே. சனிக்கிழமை நடந்ததை உசனார் போய் அவரிடம் சொல்லியிருக்கிறான். ஆயிஷா உம்மா, மகன் கமெராவோட வந்தா இந்த முறை ஓட மாட்டன் என்டு எழுதச் சொல்லு என்றாராம். அவருக்குச் சுகம்தான். ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை மங்கல் என்கிறான் உசனார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

லீவு கேட்டுப் பார். தராவிட்டால் திரும்பவும் கேள்.

உன் கையும் கண்ணும் நீடூழி சுகமாய் இருக்கட்டும்.

உன் வரவுக்காகப் படலையைத் திறந்து வைத்திருக்கும்
நோபேட்